உன்னுடைய தீவைப் பற்றிப் பேசு

என் மகள் நாலாம் வகுப்புப் படித்தபோது அவளுடைய வகுப்பாசிரியை பிள்ளைகள் எல்லோரையும் ஆளுக்கொரு தீவைத் தெரிந்தெடுக்கச் சொன்னார். அந்தத் தீவு எங்கே இருக்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள், யார் ஆளுகிறார்கள், எதைக் கொண்டு பிழைக்கிறார்கள் என்று நான்கு பகுதியாக வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். இதற்கு ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் ரெஃபராட் என்று பெயர். ஒரு பெண் மயோர்காவை எடுத்தாள். அவளுடைய குடும்பம் ஒவ்வொரு கோடையிலும் போய் வெயில் காய்கிற இடம் அது. ஒரு பையன் ஐஸ்லாந்தை எடுத்தான், அங்கே எரிமலை இருக்கிறதாம். என் மகளின் முறை வந்தபோது ஆசிரியை அவளைக் கேட்கவே இல்லை. "நீ உன்னுடைய தீவைப் பற்றிப் பேசு" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்.

மகள் வீட்டுக்கு வந்து பையைக் கழற்ற முன்னமே கேட்டாள்.

"அம்மா, என்னத்துக்கு அது என்ர தீவு? நான் இஞ்சதானே பிறந்தனான்?"

அவள் ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் பிறந்தவள். இலங்கையை அவள் படத்தில் பார்த்திருக்கிறாள், தொலைபேசியில் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். விமான நிலையத்தின் நிறம்கூடத் தெரியாது. மயோர்காவுக்கு வருடா வருடம் போகிற பிள்ளைக்கு அது விடுமுறைத் தீவு. ஒரு நாளும் போகாத என் பிள்ளைக்கு மட்டும் அது சொந்தத் தீவு. இது எந்த ஊர் நியாயம் என்று அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு விருப்பம் இல்லையெண்டால் வேற தீவைச் செய்யன்" என்றேன்.

அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதைச் சொல்லாவிட்டால் என் கோபம் விளங்காது. நாலாம் வகுப்பு முடியும்போது வகுப்பாசிரியை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பரிந்துரை எழுதுவார். கிம்னாசியம் என்று எழுதினால் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் ஏறிவிட்டது. ரியால்சூலே என்றால் நடுவழி. ஹவுப்ட்சூலே என்றால் பத்து வயதிலேயே கதை முடிந்தது என்றுதான் எங்கள் சனம் பேசிக்கொள்ளும். பின்னால் மாறி ஏறியவர்களும் உண்டு, ஆனால் அது மலை ஏறுகிற பாடு. இரண்டாயிரங்களின் பின்பாதியில் எங்கள் மாநிலத்தில் ஆசிரியை எழுதுவது கிட்டத்தட்டத் தீர்ப்பு. பெற்றோர் ஒத்துக்கொள்ளாவிட்டால், பிள்ளை முன்பின் தெரியாத ஆசிரியர்களுக்கு முன்னால் மூன்று நாள் இருந்து தன்னைக் காட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளை!

மகளுக்கு மார்க் குறைவில்லை. கணக்கில் வகுப்பிலேயே முன்னுக்கு நின்றாள். ஆனால் எங்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் நல்ல மார்க்கோடும் ரியால்சூலே என்ற ஒரு சொல்லோடு வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதனால் அந்த ரெஃபராட் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சோதனைபோல ஆகிவிட்டது.

மகள் நகர நூலகத்துக்குப் போய், பெரிய அட்லசைத் தரையில் விரித்து, பசிபிக் சமுத்திரத்தின் நீலத்தில் விரலை வைத்துத் தேடியிருக்கிறாள். எல்லாவற்றிலும் சின்னத் தீவு வேண்டுமாம். அப்படித்தான் நியுவே என்ற தீவு எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆசிரியையும் கேள்விப்பட்டதில்லை என்பது பிறகு தெரிந்தது.

நியூசிலாந்துக்கு வடகிழக்கே தன்னந்தனியாகக் கிடக்கிற ஒரு பவளப் பாறை. கடலுக்குள் இருந்து மேலே எழும்பி நிற்கிறது. ஆறு கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் பாறைக்குள்ளே இறங்கிவிடுமாம், கீழே இருந்து எடுத்துக் குடிக்கிறார்கள். கரை முழுக்கச் செங்குத்து என்பதால் பெரிய கப்பல் கிட்ட வந்து நிற்க ஏலாது. சாமான்களைச் சின்னப் படகில் மாற்றிக் கொண்டுவர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெரும் புயல் வந்து ஆஸ்பத்திரியையே பெயர்த்துவிட்டது. இதையெல்லாம் மகள் ஜெர்மன் மொழியில் வாசித்து, சமையலறையில் நின்ற எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். நான் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கிற தீவுகளில் ஒன்றில் பிறந்தவள், நல்ல தண்ணீருக்கு அலைவது என்றால் என்னவென்று எனக்கு அவள் சொல்லத் தேவையில்லை. இருந்தும் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கும் அந்தத் தீவின்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

அங்கே இரண்டாயிரம் பேர்கூட இல்லை. பதினான்கு கிராமம். அந்தத் தீவின் சனம் பத்து மடங்குக்கும் மேலே நியூசிலாந்தில் இருக்கிறார்கள். தீவில் பூட்டிய வீடுகள், கூரை போன வீடுகள். எங்கள் தீவிலும் அப்போது அதே கதைதான், ஆனால் நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்ததற்கும் அவர்கள் பூட்டிவிட்டுப் போனதற்கும் வித்தியாசம் இருந்தது. அவர்களை ஒருவரும் குண்டு போட்டுத் துரத்தவில்லை.

அவள் நூலகத்தில் எடுத்துவந்த புத்தகத்தில் வெள்ளைக்காரர் கதையும் இருந்தது. பழைய காலத்தில் ஒரு கப்பல் தலைவர் அங்கே இறங்கப் பார்த்தார். தீவுக்காரர் விடவில்லை. திரும்பத் திரும்ப வந்தார், திரும்பத் திரும்பத் துரத்தினார்கள். போகிற கோபத்தில் அந்த மனிதர் வரைபடத்தில் 'காட்டுமிராண்டித் தீவு' என்று எழுதிவிட்டுப் போனாராம். தீவுக்காரரின் வாய் சிவந்திருந்ததைக் கண்டு பயந்துபோனார் என்றும், அவர்கள் தின்றது ஒரு வகைச் சிவப்பு வாழை என்றும் ஒரு கதை. அந்தப் பெயர் நூறு ஆண்டுக்கு மேல் வரைபடங்களில் நின்றது. கேட்காமல் வீட்டுக்குள் நுழைய வந்தவன் நாகரிகக்காரன், வாசலில் மறித்தவன் காட்டுமிராண்டி! வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இதைக் கட்டாயம் சொல்லோணும்" என்று மகளுக்குக் கட்டளை போட்டேன்.

ஆட்சியைப் பற்றிய பகுதியில்தான் இவர் எழும்பி உட்கார்ந்தார். இவர் என்றால் என் கணவர். திருகாணி செய்கிற தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்து சோபாவில் சரிந்து கிடப்பார். மகள் வாசித்தாள்: எழுபதுகளில் அந்தச் சனம் வாக்குப் போட்டுத் தங்களைத் தாங்களே ஆளுவது என்று தீர்மானித்தது. இருபது பேர் கொண்ட சொந்த மன்றம். சொந்தச் சட்டம், சொந்தக் கொடி. பாதுகாப்பை மட்டும் நியூசிலாந்து பார்த்துக்கொள்ளும். நியூசிலாந்துக் கடவுச்சீட்டும் கையில் இருக்கும்.

"இரண்டாயிரம் சனமும் இல்லையோ?" என்று இவர் கேட்டார். "ஹம் அம்மன் கோயில் தேருக்கு வாற சனத்தில ஒரு மூலையும் வராதே. அவங்களுக்கு ஒரு பாராளுமன்றமோ?"

"ஓம் அப்பா. பிரதமரும் இருக்கிறார்."

"சண்டை பிடிச்சவங்களோ?"

"இல்லை அப்பா. வோட்டுப் போட்டவை."

இவர் திரும்பவும் சோபாவில் சரிந்தார். அந்த ஆண்டுகளில் ஊரில் இருந்து வந்த ஒவ்வொரு தொலைபேசியையும் நாங்கள் பயந்து பயந்துதான் எடுத்தோம். தங்களைத் தாங்களே ஆளுவது என்ற பேச்சுக்காக எங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் மண்ணுக்குள் போனார்கள். எங்கோ ஒரு பாறையில் இருந்த கொஞ்சச் சனத்துக்கு அதை ஒரு வாக்குச்சீட்டில் கொடுக்க முடிந்திருக்கிறது. உலகத்துக்கு மனம் இருந்தால் எல்லாம் நடக்கும் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

கடைசிப் பகுதி பிழைப்பு. கிழங்கு, தேங்காய், மீன், கொஞ்சம் வனிலா. வெளிநாட்டு ஆட்கள் சேர்த்து வைப்பதற்காக அச்சிடுகிற தபால் முத்திரைகள். அந்தத் தீவுக்கென்று ஒதுக்கிய இணைய முகவரியின் கடைசி இரண்டு எழுத்தைச் சுவீடன்காரர் விரும்பி வாங்குகிறார்களாம், இது மகளுக்குப் பெரிய புதினம். மிச்சத்துக்கு நியூசிலாந்தின் உதவி. அவள் எல்லாவற்றையும் தன் கையால் எழுதினாள். நானும் இவரும் ஒரு வரி சொல்லிக் கொடுக்கவில்லை, எங்களுக்கு அந்த ஜெர்மன் வரவும் வராது.

ஆனால் எழுதி முடித்த பிறகு பேச்சு என் கைக்கு வந்தது. நான் பள்ளிக்கூடக் காலத்தில் பேச்சுப் போட்டியில் வென்றவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மகளும் பரிசு வாங்கியவள். மேடையில் ஏறினால் எப்படி நிற்பது என்று எங்களுக்குத் தெரியும். காலைச் சேர்த்து வைக்க வேண்டும், கடைசி வரிசைக்கும் மேலே சுவரைப் பார்க்க வேண்டும், முதலில் சபைக்கு வணக்கம் சொல்ல வேண்டும், பிறகு ஒரு சொல் தட்டாமல் முழுதையும் ஒப்புவிக்க வேண்டும். தாளைப் பார்த்தால் பரிசு இல்லை. மகள் குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில் நடந்து நடந்து பாடமாக்கினாள். "மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களே, அன்பான சக மாணவர்களே" என்று ஜெர்மனில் தொடங்கினாள். இவர்கூடக் கை தட்டினார்.

வகுப்பில் நடந்ததை மகள் அழுதழுது சொன்னதில் இருந்துதான் அறிந்தேன். வணக்கம் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் விடாமல் பேசினாள். பவளப் பாறையைத் தாண்டி, பூட்டிய வீடுகளைத் தாண்டி, கப்பல்காரர் கரைக்கு வருகிற இடத்தில் ஆசிரியை கையை உயர்த்தி நிறுத்தினார். "பாடமாக்கியதைச் சொல்லாதே, சுதந்திரமாகப் பேசு" என்றார். பாடமாக்கிப் பேசியவர்களுக்குத் தெரியும், நடுவில் அறுத்தால் அந்த இடத்தில் இருந்து தொடர வராது. மகள் காலைச் சேர்த்து வைத்து, சுவரைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் முதலில் இருந்து, "மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களே" என்று தொடங்கினாள். வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியை அவளை இருக்கச் சொல்லிவிட்டார். காட்டுமிராண்டித் தீவின் கதையை ஒருவரும் கேட்கவில்லை.

இந்த நாட்டில் ரெஃபராட் என்றால் சின்ன அட்டையில் நாலு குறிப்பை எழுதிவைத்து, பக்கத்து வீட்டுக்காரரோடு கதைக்கிற மாதிரிக் கதைப்பதாம். தாளைப் பார்க்கலாம், தடுமாறலாம், தலையைச் சொறியலாம், அதற்கெல்லாம் மார்க் உண்டு. நாட்கணக்காக உழைத்து மனதில் பதித்துக்கொண்டு வந்தால் அதுதான் பிழை! இதை யாராவது முன்னமே எங்களுக்குச் சொல்லியிருந்தால் வாய் தேய்ந்துபோயிருக்குமோ?

மாரி காலத்தில் பெற்றோர் சந்திப்புக்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும் குறித்துத் தந்தார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள், மொழிபெயர்க்க. என்னிடம் ஜெர்மன் தெரியுமா என்று அந்த நான்கு வருடத்தில் ஆசிரியை ஒரு தடவையும் கேட்டதில்லை. நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கிழவிமாரைக் குளிக்கவார்த்து, தலை வாரி இழுத்து, அவர்களுடைய முறைப்பாட்டை எல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு ஜெர்மன் நல்லாக விளங்கும். பேசத்தான் இலக்கணம் உதைக்கும். புறப்படும்போது இவர் சொல்லி அனுப்பினார்.

"இஞ்சேரும், நீர் அங்க வாயைத் திறக்காதையும். பிறகு பிள்ளைக்குத்தான் பாதிப்பு."

சின்னக் கதிரைகள். முழங்கால் நெஞ்சில் இடிக்க நான் ஒன்றிலும் மகள் ஒன்றிலும் இருந்தோம். ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மகளைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"உன் அம்மாவுக்குச் சொல்லு. நீ ஒழுங்கான பிள்ளை, உழைப்பாளி. ஆனால் நீ சொந்தமாக யோசிப்பதில்லை. பாடமாக்கியதைத் திருப்பிச் சொல்கிறாய். வீட்டில் உனக்கு உதவி செய்ய ஆளும் இல்லை. கிம்னாசியத்தில் நீ தாக்குப்பிடிக்க மாட்டாய்."

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ரீச்சர் சொல்லுறா நான் ஒழுங்கான பிள்ளையாம். நல்லா உழைக்கிறனாம். ரெஃபராட்டில மட்டும் கொஞ்சம் பிழை விட்டிட்டனாம். கிம்னாசியம் கொஞ்சம் கஷ்டமா இருக்குமாம்."

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கண் இமைக்காமல் சொன்னாள்.

"அந்தத் தீவை ஆர் தேடினது எண்டு கேள்" என்றேன். "உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாத தீவைத் தானாத் தேடிப் பிடிச்ச பிள்ளைக்கு யோசிக்கத் தெரியாதோ எண்டு கேள். இவவுக்குக் கண் இல்லையோ எண்டும் கேள்."

மகள் ஆசிரியையிடம் திரும்பினாள். ஜெர்மனில், மிகப் பணிவாகச் சொன்னாள்: "அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறார். தீவை நானே தேடினேன் என்றும் சொல்கிறார்."

ஆசிரியை மலர்ந்து போனார். "அம்மாவுக்குச் சொல்லு, உங்களுடைய பண்பாட்டில் பாடமாக்குவதுதான் படிப்பு. அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இங்கே சுயமான சிந்தனை வேண்டும். ரியால்சூலேதான் உனக்குப் பொருத்தம்."

"அம்மா, பாடமாக்கிறதும் நல்லதாம். இஞ்ச வேற மாதிரியாம். ரியால்சூலேயும் நல்ல பள்ளிக்கூடம்தானாம்."

டாக்டரிடம், வெளிநாட்டவர் அலுவலகத்தில், வாடகை வீட்டுக்காரனிடம், இன்னும் எத்தனை இடத்தில் இந்தப் பிள்ளை எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் அடி விழாமல் பார்த்திருக்கிறாள்? எனக்கு விளங்கும் என்பது அவளுக்கும் முழுதாகத் தெரியாது. விளங்காத தாயைத்தான் அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

இவர் சொல்லிவிட்ட சொல் எல்லாம் காற்றோடு போயிற்று. நானே ஜெர்மனில் தொடங்கினேன். முதியோர் இல்லத்து ஜெர்மன், கிழவிமாரின் ஜெர்மன். ஆசிரியையை 'நீ' என்றே பேசினேன், அந்த வயோதிபர்கள் என்னோடு அப்படித்தான் பேசுவார்கள்.

"நீ சொன்னது எல்லாம் எனக்கு விளங்கியது" என்றேன். "என் மகள் அதை எனக்குச் சொல்லவில்லை. நான் சொன்னதை உனக்கும் சொல்லவில்லை. உனக்குக் கண் இல்லையா என்று கேட்கச் சொன்னேன், அவள் நன்றி என்று சொன்னாள். நான் அழக் கூடாது, உனக்குக் கோபம் வரக் கூடாது என்று இவ்வளவு நேரமும் இரண்டு மொழியில் புதிது புதிதாக உண்டாக்கிக்கொண்டிருந்தாள். இதை எந்தப் புத்தகத்தில் பாடமாக்கினாள்? சொல்லு."

மகள் தலையைக் குனிந்துவிட்டாள். அவளுடைய காது சிவந்து போனது. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நினைத்தேன், இனி இந்த மனுசி வாய் திறக்க மாட்டார் என்று. திறந்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நீங்கள் சொல்வதைக் கேட்க எனக்குக் கவலையாக இருக்கிறது. இவ்வளவு சுமை சுமக்கிற பிள்ளையைக் கிம்னாசியத்துக்கும் அனுப்பி இன்னும் வருத்த வேண்டுமா?"

யோசிக்கத் தெரியாது என்று ரியால்சூலே. யோசிக்கத் தெரியும் என்று காட்டினால், ஐயோ பாவம் என்று அதே ரியால்சூலே. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிதான். அந்தச் சுமையை என் பிள்ளையின் தலையில் ஏற்றியது யார்? மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னது நானா?

பரிந்துரையில் ரியால்சூலே என்றுதான் வந்தது. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் சோதனைக்கு முந்திய மாலை மகள் என்னிடம் வந்து, "நாளைக்கு என்னத்தைப் பாடமாக்கோணும் அம்மா?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், கேட்பதற்கு உனக்குத் தோன்றுவதைச் சொல்லு என்றேன். அவள் நம்பாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளும் நான் வேலையில் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கோப்பிக் கோப்பைகளைப் பரிமாறினேன். தெரியாத ஆசிரியர்கள் அவளைக் கிம்னாசியத்துக்குத் தகுதியானவள் என்று எழுதினார்கள்.

பள்ளி முடிகிற நாளில் வகுப்பாசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் மகள் குறுகிய காலத்தில் எவ்வளவு முன்னேறிவிட்டாள்!" என்றார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வந்தேன்.

கிம்னாசியத்தில் சேர்ந்து கொஞ்சக் காலம் சென்றிருக்கும். விசா நீட்டிப்பு அலுவலாக மகளோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மனிதர் என் தாள்களைப் புரட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியது. பழக்கத்தில் மகளின் முகத்தைப் பார்த்தேன்.

"அம்மா, இவர் சொல்லுறார், இவ்வளவு வருசம் இஞ்ச இருந்துகொண்டு இன்னும் பிள்ளையின்ர முதுகுக்குப் பின்னால நிக்க வெக்கமில்லையோ எண்டு."

ஒரு சொல்லும் விடவில்லை. அந்த மனிதர் சொன்ன அதே குரலில் சொன்னாள். பிறகு, "நான் பதில் சொல்லட்டோ, இல்லாட்டி நீங்களே சொல்லுறியளோ?" என்று கேட்டாள்.

நானே சொன்னேன். நன்றாகவே சொன்னேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் பஸ் ஏற முன்னமே ஆறிவிட்டது. பத்து வயதில் தாயின் மனம் நோகக் கூடாது என்று பொய் சொன்ன பிள்ளை அவள். அவளிடம் இருந்து அந்தப் பொய்யைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்கு நான் இன்றுவரை ஒருவரையும் மன்னிக்கவில்லை.